ருக்மிணி தேவி அருண்டேல்: கலை வழியே குழந்தைகளுக்கு உலகத்தைக் காட்டிய ‘அத்தை’

ஸ்கூல் டைம்டேபிளில் வாரத்துக்கு ஒன்றிரண்டு டிராயிங் பீரியட் இருக்கும். பரீட்சை நெருங்கினால் அதை கணக்கு சாரோ சயின்ஸ் மிஸ்ஸோ எடுத்துக்கொள்வார்கள். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பாட்டு, நடனம், கைவேலை எல்லாமே ‘எக்ஸ்ட்ரா’தான். சுற்றுச்சூழல் வேறு பாடம். மற்ற நாட்டு மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது இன்னொரு பாடம். இவற்றுக்கும் கலைக்கும் சம்பந்தமே இல்லை என்றுதான் பெரும்பாலான பள்ளிகள் நடந்துகொள்கின்றன.

இந்தப் பாகப்பிரிவினையை ஏற்காத ஒருவர் சுமார் 90 வருஷங்களுக்கு முன்பு சென்னை அடையாறில் ஒரு கலைப் பள்ளி தொடங்கினார். ருக்மிணி தேவி அருண்டேல் என்றதும் நமக்குப் பரதநாட்டியம்தான் ஞாபகம் வரும். ஆனால், இந்தியாவின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தவரும் அவர்தான். மரியா மாண்டிசோரி அடையாறுக்கு வந்த கதையிலும் அவருக்குப் பங்கு உண்டு. நடனம், குழந்தைகள், மரம், மிருகம் எல்லாம் ஒரே ஆளின் வாழ்க்கையில் எப்படிச் சேர்ந்தன? திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கும் ஒரு பள்ளிக்கு இதனால் என்ன லாபம்?

யார் இவர்?

1904 பிப்ரவரி 29 அன்று மதுரையில் பிறந்தவர் ருக்மிணி. நாலு வருஷத்துக்கு ஒருமுறைதான் பிறந்தநாள்! அப்பா நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறை இன்ஜினீயர். அம்மா சேஷம்மாள் சங்கீத ரசனை உள்ளவர். அப்பாவுக்கு பிரம்மஞான சபையில், அதாவது தியோசாபிகல் சொசைட்டியில் ஈடுபாடு அதிகம். ஓய்வு பெற்றதும் குடும்பத்தோடு அடையாறில், சபையின் தலைமையகத்துக்குப் பக்கத்திலேயே குடியேறிவிட்டார்.

அந்தக் காலத்து அடையாறு ஒரு குட்டி உலகம். அன்னி பெசன்ட் தலைமையில் இருந்த சபைக்குப் பல நாட்டவர்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். எல்லா மதங்களையும் மரியாதையோடு படிப்பது அங்கே வழக்கம். பெரிய ஆலமரத்தின் அடியில் கூட்டம் நடக்கும். மாமிசம் சாப்பிடுவதில்லை, மிருகங்களைத் துன்புறுத்துவதும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு வெளியே ருக்மிணிக்குக் கிடைத்த முதல் படிப்பு இதுதான்.

1920-இல், 16 வயதில், ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயரைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர் ஒரு கல்வியாளர். வயது 40-ஐத் தாண்டியிருந்தது. பிராமணக் குடும்பத்துப் பெண், வெள்ளைக்காரர், இவ்வளவு வயசு வித்தியாசம் என்று சென்னை கொந்தளித்தது. கல்யாணம் பம்பாயில்தான் நடந்தது. அதற்குப் பிறகு ஐரோப்பா, ஆஸ்திரேலியா என்று கணவருடன் ஊர் ஊராகப் பயணம் போனார். ம்யூசியம், ஓபரா, பாலே என்று உலகத்தின் கலைகளை நேரில் பார்த்தார்.

வெளியூர் பார்த்துவிட்டு வீடு திரும்பியவர்

1920-களின் பின்பாதியில் ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் பழக்கம் ருக்மிணிக்குக் கிடைத்தது. ஆஸ்திரேலியா போகும் கப்பலில் இருவரும் சேர்ந்து பயணித்தார்கள். பாவ்லோவாவின் குழுவில் இருந்த கிளியோ நோர்டியிடம் ருக்மிணி பாலே கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். உன் சொந்த நாட்டின் நடனத்தையும் தேடிப் பார் என்று அவரைத் திருப்பிவிட்டவர் பாவ்லோவாதான்.

பிற நாட்டுக் கலாச்சாரத்தைத் தெரிந்துகொண்டால் நம்முடையதை மறந்துவிடுவோம் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ருக்மிணிக்கு நடந்தது நேர் எதிர். வெளியே போய்ப் பார்த்ததால்தான் வீட்டுக்குள் இருந்தது கண்ணில் பட்டது. பின்னால் அவர் நடத்திய கல்வியில் உள்ளூரும் உலகமும் சண்டை போடாமல் இருந்ததற்கு இந்த அனுபவம் ஒரு முக்கியக் காரணம்.

1933-இல் மியூசிக் அகாடமியில் பந்தநல்லூர் சகோதரிகளின் சதிர் கச்சேரியைப் பார்த்தார். கோயிலோடும் தேவதாசி மரபோடும் இருந்த சதிரை, அன்றைய ‘மரியாதைப்பட்ட’ குடும்பங்கள் தள்ளியே வைத்திருந்தன. ருக்மிணி அதைக் கற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தார். முதலில் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம், அப்புறம் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம். 1935 டிசம்பரில் பிரம்மஞான சபையின் வைரவிழா மாநாட்டில் மேடையேறினார். அப்போது அவருக்கு வயது 31. இன்று அந்த வயதில் நடனம் கற்றுக்கொண்டு அரங்கேறினால்கூட நாலு பேர் சிரிப்பார்கள்.

1936: கலாக்ஷேத்ரா எப்படித் தொடங்கியது?

1936 ஜனவரி 6 அன்று அடையாறில் அந்தப் பள்ளி பிறந்தது. ஆரம்பப் பெயர் சர்வதேசக் கலை அகாடமி. பிறகுதான் கலாக்ஷேத்ரா ஆனது. விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்கள், மரநிழல், சின்னக் கட்டடங்கள். மாணவர்கள் அவரை மேடம் என்று கூப்பிடவில்லை. ‘அத்தை’ என்றே கூப்பிட்டார்கள்.

பள்ளிக்கு அவர் கூட்டிவந்த ஆசிரியர்களைப் பாருங்கள். கர்நாடக இசைக்கு டைகர் வரதாச்சாரியார், மைசூர் வாசுதேவாச்சார். கதகளிக்குக் கேரளத்திலிருந்து அம்பு பணிக்கர், சந்து பணிக்கர். பாபநாசம் சிவனும் கற்றுக் கொடுத்திருக்கிறார். தமிழ்நாட்டுக் குழந்தை கேரளத்து ஆசானிடம் கதகளி முத்திரை பிடித்தது. கேரளத்துப் பையன் தமிழ்ப் பதத்துக்கு அபிநயம் பிடித்தான். இலங்கையிலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். இலங்கையில் பிறந்து இங்கே படித்த நீலா சத்தியலிங்கம் பிற்பாடு சிங்கப்பூரில் ‘அப்சரஸ் ஆர்ட்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கி, இன்னொரு தலைமுறையை உருவாக்கினார்.

காலையில் ஆலமரத்தடியில் கூடி, பல மதங்களின் பிரார்த்தனைகளையும் சொல்லிவிட்டுத்தான் வகுப்பு தொடங்கும். மத நல்லிணக்கம் என்று தனியாக ஒரு சிலபஸ் தேவைப்படவில்லை. குழந்தையின் நாக்கில் தினமும் பல மரபுகளின் ஒலி பழகியது, அவ்வளவுதான்.

நடனம் மட்டும் போதாது என்று 1937-லேயே நெசவுப் பிரிவும் தொடங்கப்பட்டது. பழைய கோயில் சேலைகளின் பார்டரும் நிறமும் அங்கே மறுபடி தறியில் ஏறின. பின்னாளில் இயற்கைச் சாயத்தில் செய்யும் கலம்காரிப் பிரிவும் வந்தது. கடுக்காயும் பாலும் தோய்த்த துணி, இரும்பும் வெல்லமும் ஊறிய கறுப்பு, படிகாரம் பட்டு எழும் சிவப்பு. ஒரு நிறம் எந்த மரத்திலிருந்து, எந்த வேரிலிருந்து வருகிறது என்பது கையாலேயே தெரிந்துவிடும். சுற்றுச்சூழல் பாடத்துக்கு இதைவிட நல்ல லேப் எது?

மாண்டிசோரி எப்படி அடையாறுக்கு வந்தார்?

ருக்மிணியும் ஜார்ஜும் விடுத்த அழைப்பின் பேரில் 1939 நவம்பரில் மரியா மாண்டிசோரி தன் மகன் மாரியோவுடன் சென்னை வந்து இறங்கினார். ஓலைக் கொட்டகைகளில் சுமார் 300 ஆசிரியர்களுக்குப் பயிற்சி தொடங்கியது. சில மாதம் இருந்துவிட்டுத் திரும்புவதாகத்தான் திட்டம். ஆனால் இரண்டாம் உலகப் போரில் இத்தாலி இறங்கியதும் பிரிட்டிஷ் அரசுக்கு இத்தாலியர்கள் எதிரி நாட்டவர் ஆனார்கள். மாரியோ கொஞ்ச காலம் முகாமில் அடைக்கப்பட்டார். மாண்டிசோரிக்கும் ஊர் திரும்ப வழியில்லை. 1946 வரை அவர் இந்தியாவிலேயே இருந்தார்.

இந்தக் கட்டாயத் தங்கலில்தான் ஒரு பெரிய விஷயம் நடந்தது. 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் இருந்தபோது, இலங்கையைச் சேர்ந்த லீனா விக்ரமரத்னேயின் துணையோடு, 6 முதல் 12 வயதுக் குழந்தைகளுக்கான ‘பிரபஞ்சக் கல்வி’ முறையை மாண்டிசோரி வளர்த்தெடுத்தார். பாசி, பூச்சி, மண், மழை, மனிதன் எல்லாம் ஒன்றையொன்று சார்ந்திருப்பதைக் குழந்தைக்கு முதலில் ஒரு பெரிய கதையாகச் சொல்ல வேண்டும். துண்டு துண்டான பாடங்கள் அப்புறம் வரட்டும் என்பது அதன் சாரம். இன்று உலகம் முழுக்க மாண்டிசோரி பள்ளிகள் பின்பற்றும் இந்த முறைக்குத் தமிழ்நாட்டு மலை ஒன்று வாசல் என்பது பலருக்குத் தெரியாது.

அந்த வருஷங்களில் அடையாறில் இரண்டு சிந்தனைகளும் பக்கத்துப் பக்கத்து நிழலில் இருந்தன. குழந்தையின் கை வேலை செய்தால்தான் புத்தி வேலை செய்யும் என்றார் மாண்டிசோரி. ருக்மிணி கையோடு காலையும் கண்ணையும் சேர்த்துக்கொண்டார்.

குறவஞ்சியில் என்ன பாடம் இருக்கிறது?

1944-இல் கலாக்ஷேத்ரா மேடையேற்றிய முதல் நாட்டிய நாடகம் குற்றாலக் குறவஞ்சி. 18-ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் எழுதியது. குற்றாலநாதர் மேல் காதல் கொள்ளும் வசந்தவல்லி, குறி சொல்ல வரும் குறத்தி, அவளைத் தேடி அலையும் சிங்கன் என்று போகும் கதை.

இதை ஒரு குழந்தை ஆடுவதாக நினைத்துப் பாருங்கள். குறத்தி தன் மலையின் வளம் சொல்லும்போது அருவி விழ வேண்டும், குரங்கு தாவ வேண்டும், கிளை அசைய வேண்டும். எல்லாவற்றையும் ஆடுபவரின் உடம்புதான் காட்ட வேண்டும். சிங்கன் பறவை பிடிக்கும் இடத்தில் ஒவ்வொரு பறவையும் எப்படி இறங்கும், எப்படி மேயும் என்று தெரியாமல் ஆட முடியாது. குரங்கைக் கவனித்துப் பார்க்காதவனால் குரங்காக ஆட முடியுமா? பார்க்கப் பழகியவன் ஒரு கட்டத்தில் அதன்மேல் கல் எறியவும் கை வராதவன் ஆகிவிடுகிறான். ருக்மிணியின் கல்வியின் மையம் இங்கேதான் இருக்கிறது.

1955 முதல் 1970 வரை ராமாயணத்தை ஆறு நாட்டிய நாடகங்களாகச் செய்தார். அதிலும் ஜடாயு, வானரம், அணில் என்று மனிதர் அல்லாதவர்களுக்கு இடம் தாராளம்.

வாயில்லா ஜீவனுக்காக ஒரு சட்டம்

1952-இல் ருக்மிணி மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினர் ஆனார். கலைஞர் என்ற முறையில் போனவர், மிருகங்கள் மீதான கொடுமையைத் தடுக்க ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். 1890-இலிருந்து இருந்த பழைய சட்டம் பல்லில்லாதது என்பது அவரது வாதம். பிரதமர் நேரு, இந்த நோக்கத்துக்காக அரசே ஒரு குழு அமைத்துச் சட்டம் கொண்டுவரும் என்று உறுதி கொடுக்க, தன் மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1960-இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது.

அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவது, அடிப்பது, நோயுற்ற மிருகத்தை வேலை வாங்குவது, வேதனை தரும்படி வண்டியில் அடைத்துக் கொண்டுபோவது எல்லாம் இந்தச் சட்டப்படி குற்றம். உணவுக்காக அறுப்பதை இது தடை செய்யவில்லை. ஆனால், அப்போதும் அனாவசிய வேதனை கூடாது என்கிறது.

1962-இல் இந்தச் சட்டப்படி விலங்குகள் நல வாரியம் சென்னையில் அமைந்தது. ருக்மிணிதான் தலைவர். வாரியத்தின் வேலைகளில் ஒன்றாகச் சட்டம் எதைச் சொல்கிறது தெரியுமா? சொற்பொழிவு, புத்தகம், போஸ்டர், திரைப்படம் மூலமாக மக்களுக்குக் கருணையைக் கற்றுக் கொடுப்பது. தண்டனை கொடுக்கும் ஒரு சட்டத்துக்குள் படமும் போஸ்டரும் புகுந்திருப்பது அவரது பாதையோடு ரொம்பவே பொருந்திப் போகிறது.

மணலில் வளர்ந்த தோப்பு

பிரம்மஞான சபை வளாகத்திலிருந்து வெளியே வந்த கலாக்ஷேத்ரா, 1960-களின் தொடக்கத்தில் திருவான்மியூரில் சுமார் 100 ஏக்கர் இடத்தில் முழுதாகக் குடியேறியது. கடற்கரையை ஒட்டிய மணல் பூமி அது. மரம் நட்டு, தண்ணீர் ஊற்றி, நிழல் உண்டாக்கி, அந்த நிழலில் ஓலைக் குடில்கள் போட்டு வகுப்பு நடத்தினார்கள். இன்று சுற்றிலும் அபார்ட்மென்ட்டாக நிற்கும் அந்தப் பகுதியில் கலாக்ஷேத்ரா மட்டும் பச்சையாக மிச்சமிருக்கிறது.

1977-இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கும்படி கேட்டபோது, ருக்மிணி வேண்டாம் என்றுவிட்டார். ஒப்புக்கொண்டு ஜெயித்திருந்தால் முதல் பெண் குடியரசுத் தலைவர் அவராகத்தான் இருந்திருப்பார். 1986 பிப்ரவரி 24 அன்று, 82-வது பிறந்தநாளுக்குச் சில நாள் முன்பு காலமானார். 1993-இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி, கலாக்ஷேத்ராவைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது.

விமர்சனமே இல்லையா?

உண்டு, அதுவும் நியாயமான விமர்சனம். சதிரைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றியவர்கள் இசைவேளாளர் குடும்பப் பெண்களும் நட்டுவனார்களும். ருக்மிணி அதைச் ‘சுத்தப்படுத்தி’ மேடைக்குக் கொண்டுவந்தபோது சிருங்காரத்தைக் குறைத்தார். உடையை, மேடை அமைப்பை மாற்றினார். நடனத்துக்கு மரியாதை கூடியது. ஆனால் அதைக் காப்பாற்றிய பெண்கள் மேடையிலிருந்து மெல்ல விலகிப்போனார்கள். சிருங்காரம்தான் இந்தக் கலையின் உயிர் என்று வாதிட்ட பாலசரஸ்வதி இந்த மாற்றத்தைக் கடைசிவரை ஏற்கவில்லை. குழந்தைக்கு ஒரு கலாச்சாரத்தைக் கற்றுக் கொடுக்கும்போது அது யாருடையது, யார் கையிலிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும் என்பதற்கு இந்த வரலாறே சாட்சி.

இன்னொன்று. 2023-இல் கலாக்ஷேத்ரா மாணவிகள் பாலியல் துன்புறுத்தல் புகார்களை எழுப்பிப் போராடினார்கள். மரத்தடி வகுப்பும் குரு பக்தியும் மட்டுமே ஒரு பள்ளியைப் பாதுகாப்பான இடமாக ஆக்கிவிடாது. மாணவி வாய் திறந்து புகார் சொல்ல வழியும் வேண்டும்.

திருப்பத்தூருக்கு இதில் என்ன இருக்கிறது?

2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்து உருவான மாவட்டம் திருப்பத்தூர். ஆம்பூர், வாணியம்பாடி என்றாலே தோல்தான். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வைத்துத் தோல் பதப்படுத்திய ஊர்கள் இவை. 1970-களில் பச்சைத் தோலாகவோ பாதி பதப்படுத்தியோ ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்தியதும் குரோம் முறை வேகமாகப் பரவியது. வேலை கிடைத்தது, ஊர் வளர்ந்தது. பாலாறும் கிணறும் கெட்டன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டத்தில் ஊன்றியது. இன்று சட்டக் கல்லூரிகளில் எல்லாம் அந்த வழக்குப் பாடம்.

அதே வழக்கு பாலாற்றங்கரைப் பள்ளியில் பாடமாக இருக்கிறதா? அந்தக் குழந்தை ‘நீர் மாசுபாடு’ என்று மனப்பாடம் செய்து ஐந்து மார்க் வாங்குகிறது. அப்பாவோ அம்மாவோ டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ வேலை பார்க்கலாம். அதனால் தொழிலைத் திட்டும் பாடமும் அந்தக் குழந்தையைக் காயப்படுத்தும். ஒன்றுமே நடக்காத மாதிரி நடிக்கும் பாடமும் ஏமாற்றும். இரண்டுக்கும் நடுவில் நின்று பேச கலைக்குத்தான் வசதி அதிகம்.

ருக்மிணியின் வழியை இங்கே கொண்டுவர நூறு ஏக்கர் தேவையில்லை. கடுக்காய்ச் சாறும் துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீரும் இருந்தால் துணியில் கறுப்பு எழுதிவிடலாம். அதே கடுக்காய்தான் தாத்தா காலத்து டேனரியிலும் இருந்தது என்று சொன்னால், சாயம், தோல், மரம், ஆறு எல்லாம் ஒரே கதையாகிவிடும். ஆம்பூரில் தைத்த ஷூ ஐரோப்பாவில் யார் காலில் ஏறுகிறது என்று வரைபடத்தில் கோடு போட்டால், உலக நாடுகள் பாடம் வீட்டு வாசலிலிருந்தே தொடங்கும். ஜவ்வாது மலையின் பறவைகளைப் பார்த்துவிட்டு வந்து ஆடிக் காட்டச் சொல்லலாம். வெள்ளம் வந்த பாலாற்றைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு வரையச் சொல்லலாம்.

இதற்கு ஆள் வேண்டும். 2012-இல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, கைத்தொழில் ஆகியவற்றுக்காக 16 ஆயிரத்துக்கும் அதிகமான பகுதிநேர ஆசிரியர்களை அரசுப் பள்ளிகளில் நியமித்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் வருஷக்கணக்கில் போராடிவந்தார்கள். கலைப் பாடத்துக்கு நாம் கொடுக்கும் மதிப்பு அந்தப் ‘பகுதிநேரம்’ என்ற சொல்லிலேயே தெரிகிறது.

உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியின் டைம்டேபிளை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். டிராயிங் பீரியட் எழுதியிருக்கிறதா, உண்மையில் நடக்கிறதா, அதில் பிள்ளைகள் கடைசியாக என்ன வரைந்தார்கள் என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். மார்க் பற்றி எல்லோரும் கேட்பார்கள். இதைக் கேட்க ஒருத்தராவது வேண்டும்.